வலைப்பதிவுக்குச் செலவிடும் நேரம் வீண் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் வணிகப் பக்கத்தில், சிறுதொழில் செய்பவர்கள் இணையத்தில் தங்களை எப்படி விளம்பரப்படுத்திக்கொள்வது என்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. போட்டோ எடுப்பது, வாடிக்கையாளர் கருத்துகளைக் கேட்டு வாங்குவது பற்றியெல்லாம் கட்டுரையாளர் சொன்னவை பயனுள்ளவை. ஆனால், 'வலைப்பதிவு பழைய காலத்துச் சங்கதி, அதற்குச் செலவிடும் நேரம் வீண், ரீல்ஸ் எடுத்தால் போதும்' என்று ஒரு பத்தியில் முடித்துவிட்டார். அந்தப் பத்தியை நான் ஏற்கவில்லை. தொழிலை நம்பி வாழ்கிறவர்கள் படித்து முடிவெடுக்கிற பக்கம் அது. அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் தையல் மெஷின் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். மெஷினைப் பிரித்து வேலை பார்ப்பது தம்பி. உதிரி பாகங்கள், கணக்கு, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் தொழிலுக்கென்று ஒரு வலைப்பதிவு வைத்துச் சில வருடங்களாக நானே எழுதி வருகிறேன். இன்று புதிதாக எங்களிடம் வருகிறவர்களில் பலர் அதில் எதையாவது படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். முதல் பேச்சிலேயே 'நீங்க எழுதினதைப் பார்த்தேன்' என்பார்கள்.

தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவரை யாரும் சும்மா இருக்கும்போது நினைப்பதில்லை. மெஷின் மக்கர் செய்யும்போதுதான் நினைப்பார்கள். அதுவும், காலையில் கொடுத்தாக வேண்டிய துணி கையில் இருக்கும், மணி இரவு பத்தைத் தாண்டியிருக்கும். அப்போது போனை எடுத்து, 'தைக்கும்போது அடியில் நூல் சிக்குகிறது, என்ன செய்வது' என்று தேடுவார்கள். ரீல்ஸில் நாம் மக்கள் கண்ணில் போய்ப் படுகிறோம். பார்க்கிற நேரத்தில் அவருக்கு நாம் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். தேடும்போது அப்படியில்லை, தேவை வந்த அந்த நிமிடத்தில் அவரே வந்து கேட்கிறார். கேட்ட கேள்விக்குத் தெளிவான பதில் எழுத்தில் இருந்தால், அதை எழுதியவர் யார் என்று பார்க்காமல் யாரும் போவதில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஓடிய ரீல்ஸ் அந்த இரவில் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடியில் நூல் சிக்குவதைப் பற்றி நான் எழுதியதுதான் எங்கள் பதிவுகளில் அதிகம் படிக்கப்படுவது. அடியில் சிக்குவதால் எல்லோரும் அடி நூல் சுற்றியிருக்கிற பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள். பாபின் கேஸில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைத் திருகித் திருகி, சரியாக இருந்த டென்ஷனையும், அதாவது நூலின் இறுக்கத்தையும், கெடுத்துவிடுவார்கள். ஆனால் பெரும்பாலும் கோளாறு மேல் நூலில்தான் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைக் கீழே இறக்கிவைத்துக்கொண்டே நூல் கோத்தால், டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும், நூல் அவற்றின் நடுவே போய் உட்காராது. பிடிமானம் இல்லாத மேல் நூல் தளர்ந்துபோய்த் துணிக்கு அடியில் பந்தாகச் சுருண்டுவிடும். ஃபுட்டைத் தூக்கிவைத்து, நூலை முழுதாக உருவிவிட்டு மறுபடி கோத்தால் அநேகமாகச் சரியாகிவிடும். இவ்வளவுதான் விஷயம். இதை மூன்று போட்டோக்களோடு எழுதினேன். இதற்கும் அடங்காவிட்டால் அடுத்து எதைப் பார்க்க வேண்டும், எந்தக் கட்டத்துக்கு மேல் தாங்களே கை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தேன்.

"அக்கா, இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டா அப்புறம் நம்மகிட்ட யார் வருவாங்க?" என்று தம்பி கேட்டான். தொழில் செய்கிற யாருக்கும் வருகிற சந்தேகம்தான். நடந்தது வேறு. நூலை மறுபடி கோத்துச் சரிசெய்துகொள்ளக்கூடிய ஒருவர் மெஷினைச் சுமந்து வந்து, நாங்கள் அதே வேலையை ஒரு நிமிடத்தில் செய்து கொடுத்தால், எங்களுக்கும் பெரிய வருமானம் இல்லை, அவருக்கும் அலைச்சல். படித்துத் தானே சரிசெய்துகொண்டவர் எங்களை நினைவில் வைத்திருக்கிறார். ஊசியும், அடியில் நூலைப் பிடிக்கிற ஹூக்கும் ஒத்து ஓடுகிற டைமிங் நகர்ந்தபோதும், அந்த ஹூக் தேய்ந்தபோதும் எங்களிடம்தான் வந்தார். சொன்னபடி செய்தும் சரியாகாதவர்கள் அன்றைக்கே கூப்பிட்டார்கள், சிக்கிய நூலின் போட்டோவோடு. என்ன கோளாறு என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடுகிறது. வரும்போது எந்த பாகம் தேவைப்படும் என்று முன்னாலேயே எடுத்துவைக்க முடிகிறது.

தெரிந்ததைச் சொன்னால் தொழில் போய்விடும் என்ற பயம் எவ்வளவு தேவையற்றது என்பதற்கு, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மார்கஸ் ஷெரிடன் என்பவர் செய்தது நல்ல சான்று. ஃபைபர்கிளாஸ் நீச்சல்குளம் அமைக்கிற நிறுவனத்தின் பங்குதாரர் அவர். 2008 பொருளாதாரச் சரிவில் நீச்சல்குளம் கட்டுவதையே மக்கள் நிறுத்திவிட்டார்கள், நிறுவனம் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. விளம்பரத்துக்குப் பணம் இல்லை. அதனால் வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரவில் உட்கார்ந்து இணையத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். அந்தத் தொழிலில் யாரும் வாய் திறக்காத கேள்வி, 'என்ன செலவாகும்?' என்பது. இடத்தைப் பொறுத்து மாறும், அளவைப் பொறுத்து மாறும் என்று நழுவுவதுதான் வழக்கம். அவர் எதனால் கூடும், எதனால் குறையும் என்று விளக்கி, எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை போகும் என்பதையும் எழுதினார். அந்த ஒரு பதிவின் வழியாக வந்த விற்பனை மட்டும் பத்து லட்சம் டாலரைத் தாண்டியதாக அவரே கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஃபைபர்கிளாஸ் குளத்தில் வருகிற பிரச்சினைகள் என்னென்ன என்றும் அவர் எழுதினார் என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தான் விற்கிற பொருளின் குறையை விற்கிறவரே சொல்லும்போது, வாங்குகிறவர் வேறு யாரிடம் போய் உண்மை கேட்கப்போகிறார்?

நானும் அந்த வழியில்தான் போகிறேன். தையற்கூடங்களில் இருக்கிற பழைய மெஷின்களில் கிளட்ச் மோட்டார் இருக்கும். சுவிட்ச் போட்டதிலிருந்து, தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், சத்தமும் இருக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் ஓடும், மின்சாரம் மிச்சம். 'மாற்றலாமா?' என்று கேட்டு வருகிறவர்களுக்காக ஒரு பதிவு எழுதினேன். நாள் முழுக்க ஓடுகிற மெஷினுக்குக் கட்டாயம் மாற்றலாம் என்று சொன்ன அதே பதிவில், எப்போதாவது ஓடுகிற மெஷினுக்கு மாற்றுவதால் பெரிய மிச்சம் இல்லை என்றும், சர்வோவில் எலக்ட்ரானிக் போர்டு இருப்பதால் அது போனால் தனிச் செலவு என்றும் எழுதினேன். சர்வோ மோட்டார் விற்பதும் நாங்கள்தான். ஆனாலும் அதைப் படித்துவிட்டு, பத்து இருபது மெஷின் வைத்திருக்கிறவர்கள் வந்து, 'எங்களுக்கு எத்தனைக்கு மாற்றலாம்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க' என்று பொறுப்பை எங்களிடமே விடுகிறார்கள். பேரம் பேசுகிற நேரம் குறைந்துவிட்டது.

கட்டுரையாளர் இதைப் புதிதாக வந்து பழையதாகிப்போன ஒரு மோகம்போல எழுதியிருந்தார். வாடிக்கையாளருக்குப் பயன்படுவதை எழுதிக் கொடுத்துத் தொழிலை வளர்ப்பது இணையத்துக்கு மிகவும் முந்தியது. விவசாயக் கருவிகள் செய்யும் ஜான் டீர் நிறுவனம் 1895இல் விவசாயிகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கியது, அது இன்றும் வருகிறது. டயர் செய்யும் மிஷலின் 1900இல் காரோட்டிகளுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. டயர் மாற்றுவது எப்படி, எரிபொருள் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தன. அன்றைக்கு அச்சடித்து, தபாலில் அனுப்ப வசதி உள்ள பெரிய நிறுவனங்களால்தான் இது முடிந்தது. வலைப்பதிவு எழுத வசதி தரும் பிளாகர் 1999இலும் வேர்ட்பிரஸ் 2003இலும் வந்த பிறகு, தனி ஒருவராகத் தொழில் செய்கிறவருக்கும் அதே வாய்ப்பு கிடைத்தது. மென்பொருள் எழுதுவதைப் பற்றித் தனித்தனியே வலைப்பதிவு எழுதிவந்த ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஜெஃப் அட்வுட்டும் சேர்ந்து 2008இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தைத் தொடங்கியபோது, முதலில் வந்து கேள்வி கேட்டவர்களும் பதில் சொன்னவர்களும் அந்த இருவரின் வாசகர்கள்தான். வாடிக்கையாளர் கூட்டம் தொழிலுக்கு முன்னாலேயே தயாராக இருந்தது.

அடுத்தது, நாம் போடுவதெல்லாம் யாருடைய இடத்தில் இருக்கிறது என்பது. ரீல்ஸை மட்டும் நம்பச் சொல்கிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை. வைன் என்ற குறுங்காணொளித் தளம் 2017இல் நின்றுபோனது. கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் 2019இல் மூடப்பட்டது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்து, நிறுவனப் பக்கங்களின் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளியது. லட்சக்கணக்கில் ஆட்களைச் சேர்த்திருந்த பக்கங்களும் அதே ஆட்களைச் சென்றடையக் காசு கட்ட வேண்டிய நிலை வந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் ஆறு மணி நேரம் போல முடங்கியபோது, அவற்றை மட்டுமே வைத்து வியாபாரம் செய்தவர்கள் ஆர்டர் எடுக்க வழியில்லாமல் தவித்தார்கள். வாடகை இடத்தில் நம் கைக்காசைப் போட்டு மாடி கட்டுவது போன்றதுதான் இது. சொந்தப் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்கி, எழுதியதற்கெல்லாம் ஒரு நகல் நம் கையில் வைத்திருந்தால், தளம் நடத்துகிற நிறுவனம் நாளை மாறினாலும் எழுத்தையும் முகவரியையும் எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடலாம். வேர்ட்பிரஸிலும் பிளாகரிலும் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வசதி உண்டு. மாதத்துக்கு ஒரு முறை அதைச் செய்துவிடுவேன்.

ரீல்ஸ் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நூல் கோப்பதை நான் எத்தனை வரி எழுதினாலும், முப்பது விநாடி வீடியோ அதைவிட நன்றாகக் காட்டும். அதை எடுத்து அந்தப் பதிவுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வீடியோவைப் பார்த்து வருகிறவர்களை முழு விளக்கத்துக்குப் பதிவுக்கு அனுப்புகிறேன். ஒன்றைச் செய்தால் மற்றதை விட வேண்டும் என்று ஏன் சொல்ல வேண்டும்?

வலைப்பதிவால் வெளியே தெரியாத நன்மை ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் முதல் வருடத்திலேயே கிடைக்கிற லாபம். ஊசி கேட்டு வருகிறவர்களிடம் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டு மெஷின் ஊசியின் மேல்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், இண்டஸ்ட்ரியல் மெஷினுக்குப் பெரும்பாலும் உருண்டையாக இருக்கும், ஒன்றை மற்றதில் போட முடியாது. 14ஆம் நம்பரும் 90ஆம் நம்பரும் ஒன்றுதான், 90 என்றால் ஊசியின் தடிமன் 0.9 மில்லிமீட்டர். இதைப் போனில் விளக்கியே நேரம் போய்க்கொண்டிருந்தது. இப்போது பதிவின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். படித்துவிட்டுச் சரியான ஊசியின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள், தவறான ஊசியை வாங்கிப்போய்த் திருப்பிக்கொண்டு வருவது மிகவும் குறைந்துவிட்டது. புதிதாக வேலை கற்றுக்கொள்ள வருகிற பையன்களையும் முதலில் அந்தப் பதிவுகளைத்தான் படிக்கச் சொல்கிறான் தம்பி. அவன் தலைக்குள் மட்டும் இருந்த தொழில் ஞானம் எழுத்தாக மாறி எங்கள் சொத்தாகியிருக்கிறது.

எதை எழுதுவது என்று திகைக்கிறவர்களுக்கு: வாடிக்கையாளர் கேட்கிற கேள்வியை அவர் கேட்ட வார்த்தையிலேயே ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், அதுவே தலைப்பு. அப்புறம், கூகுள் செர்ச் கன்சோல் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். எந்தெந்தக் கேள்வியைத் தட்டியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது காட்டும். ஊசி பற்றிய என் பதிவுக்கு, 'பனியன் துணியில் தையல் விட்டுவிட்டு விழுகிறது' என்று தேடியவர்கள் நிறைய வந்திருப்பதை அதில்தான் பார்த்தேன். நான் அதைப் பற்றி எழுதவே இல்லை. இழுபடும் துணிக்குச் சாதாரண ஊசி சரிவராது, முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசியோ ஸ்ட்ரெட்ச் ஊசியோ போட வேண்டும் என்று உடனே தனிப் பதிவு எழுதினேன். அந்த ஊசிகள் எங்களிடம் முன்பைவிட நன்றாக விற்கின்றன.

போட்டோ நம் கையால் எடுத்ததாக இருக்கட்டும், எண்ணெய் படிந்த விரல் தெரிந்தாலும் பரவாயில்லை. எழுதியது யார், எப்போது எழுதியது என்று போடுங்கள். பொருளின் மாடல் மாறும்போது பழைய பதிவைத் திருத்துங்கள். போன் நம்பர் எல்லாப் பக்கத்திலும் தெரிய வேண்டும்.

பொறுமை மட்டும் வேண்டும், அதை மறைக்க மாட்டேன். தளத்தில் செய்கிற மாற்றங்களின் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. எங்களுக்கும் முதல் சில மாதங்கள் ஆளே வரவில்லை. அடுத்த வாரமே விற்பனை வேண்டும் என்கிறவருக்கு இது வழி அல்ல, அவர் விளம்பரம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் விளம்பரம் காசு நின்ற அன்றே நிற்கும். நான் எப்போதோ எழுதிய பதிவுகளுக்கு இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி யார் வலைப்பதிவைப் படிப்பார்கள் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2024 மே மாதத்திலிருந்து கூகுள், தேடல் பக்கத்தின் மேலேயே தானாகத் தொகுத்த பதிலைக் காட்ட ஆரம்பித்தது. '14ஆம் நம்பர் ஊசி எதற்கு?' போன்ற ஒற்றை வரிக் கேள்விகளுக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது, அவர்கள் நம் பக்கத்துக்கு வருவதில்லை. அந்த வகைப் பதிவுகளுக்கு எங்களுக்கும் வரவு குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட மெஷினைப் பிரித்து, இங்கே தேய்ந்திருக்கிறது, இப்படிச் சரிசெய்தோம், இந்தக் காரணத்தால் இது மறுபடி வரும் என்று போட்டோவோடு எழுதுபவற்றுக்கு வரவு குறையவில்லை. அந்த அனுபவம் செய்கிற கையில்தானே இருக்கிறது. இணையத்தில் யாரோ எழுதிவைத்ததைப் படித்துத்தான் அந்த இயந்திரமும் பதில் தொகுக்கிறது. எடுத்த இடத்துக்கு இணைப்பும் பல நேரம் கொடுக்கிறது. 'சாட்ஜிபிடியில் கேட்டேன், உங்கள் பக்கத்தைக் காட்டியது' என்று சொல்லி வந்தவர்களும் உண்டு.

கூகுளும் இதே திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. தேடலுக்காக மட்டும் எழுதப்பட்ட பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளும் மாற்றத்தை 2022 ஆகஸ்டில் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு பக்கத்தின் தரத்தை மதிப்பிடும் வழிகாட்டியில் எழுதியவரின் நேரடி அனுபவத்தையும் ஓர் அம்சமாகச் சேர்த்தது. 2024 மார்ச்சில், மதிப்பில்லாத பக்கங்களைக் கூட்டமாக உற்பத்தி செய்து போடுவதை விதிமீறல் என்றே அறிவித்தது. மாதம் முப்பது பதிவு எழுதித் தருகிறோம் என்று எங்களைத் தேடி வந்தவர்கள் உண்டு. மாதிரிக்கு ஒன்றைப் படித்துப் பார்த்தேன். தையல் மெஷினைத் தொட்டே பார்க்காதவர் எழுதியது என்பது இரண்டாவது வரியில் தெரிந்தது. வலைப்பதிவு போட்டும் பலன் இல்லை என்று சொல்கிறவர்களில் பலர் இப்படி வாங்கிப் போட்டவர்களாக இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வணிகப் பக்கத்தில் விளம்பரத் துறையில் இருப்பவர்கள் எழுதுவதோடு, தொழிலைச் செய்துகொண்டே எழுதுகிறவர்களின் அனுபவத்தையும் வெளியிடுங்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர், கணக்குத் தணிக்கை செய்பவர் என்று எத்தனையோ பேர் தங்கள் துறையைப் பற்றித் தமிழில் எழுத முடியும். எதை எழுதினார்கள், யார் வந்தார்கள், எது பலிக்கவில்லை என்று அவர்களே சொல்லட்டும். சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு, நடத்திக்கொண்டிருக்கிற வலைப்பதிவை மூடலாமா என்று யோசிக்கிறவர்கள் இருந்தால், அதற்கு முன் தங்கள் பக்கங்களுக்கு எந்தக் கேள்விகளோடு ஆட்கள் வருகிறார்கள் என்பதை ஒரு முறை செர்ச் கன்சோலில் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல் மெஷின் பழுது பார்க்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகி